அந்த 38 நொடிக்கு முன்னும் பின்னும்

நேற்று முழுக்க அந்த 38 நொடி வீடியோவைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தீர்கள். எங்கள் சாரணர் முகாமின் கேம்ப் ஃபயரில் ஒரு பையன் முகமெல்லாம் தயிர்சாதமும் பவுடருமாக நிற்கிறான். "இதுதான் சாரணர் பயிற்சியா?" என்று கேட்கிறீர்கள். 17 வருடமாகச் சாரண ஆசிரியராக இருக்கிறேன். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பையனை யாரும் பிடித்துவைத்துப் பூசவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நடிக்கும் சிரிப்பு நாடகத்தில் அவனே கேட்டு வாங்கிய வேடம் அது. முன்னால் நிற்பவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வான். போர்வைக்குள் ஒளிந்திருக்கும் இன்னொருவன் தன் கைகளை அவன் அக்குள் வழியாக முன்னால் நீட்டுவான். "எழுந்தேன், பல் தேய்த்தேன், சாப்பிட்டேன்" என்று முன்னவன் சொல்லச் சொல்ல, பின்னால் இருப்பவன் எதையும் பார்க்காமல் அதைச் செய்ய வேண்டும். பிரஷ் மூக்கைத் தேடிப் போகும், சோறு காதுக்குப் போகும். சாரணராக இருந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மறுபடியும் சொல்கிறேன், அவன் கேட்டு வாங்கியது.

எட்டாம் வகுப்பில் அந்தக் கைகள் என்னுடையவை. எனக்குத் திக்குவாய். வகுப்பில் எழுந்து பெயர் சொன்னாலே சிரிப்பார்கள். பேச வேண்டாம் என்பதற்காகவே போர்வைக்குள் புகுந்தேன். வெளியே கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் வரவழைத்தேன், என் நாக்கு வரவழைக்கவில்லை. அன்று ராத்திரி அணித் தலைவனிடம் நானாகப் போய்ப் பேசினேன்.

சாப்பாட்டை வீணாக்கலாமா என்கிறீர்கள். சரி, அது நியாயம். இனி தயிர்சாதம் வேண்டாம், சேறு போதும். ஆனால் "கேலிவதை" (ராகிங்) என்று எழுதினீர்களே, அதுதான் வலிக்கிறது. விருப்பமில்லாதவன் மீது ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்க விடமாட்டேன். முதலில் அழுக்காவது அணித் தலைவன்தான், புதுப்பையன் கிடையாது. மாவுத் தூள் தீப்பிடிக்கும் என்பதால் நெருப்புப் பக்கம் மாவே வராது. ஷேவிங் நுரை டப்பாவும் வராது. கண்ணில் பட்டால் கழுவ வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். இதில் எது அந்த 38 நொடியில் இருந்தது?

1907இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமில் சுமார் 20 பையன்கள். பெரிய பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் ராத்திரியில் ஒரே தீயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எங்கள் முகாமிலும் காரில் வந்து இறங்குகிறவனும் டவுன் பஸ்ஸில் வருகிறவனும் உண்டு. முகத்தில் சோறு ஒட்டிய பிறகு யார் எவன் என்று தெரியாது. வீடியோ எடுத்தவருக்கு அது தெரியவில்லை.

குழந்தைகள் அழுக்காகக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. அப்படிச் சிரித்தால் உடனே ஒரு போன் நீள்கிறது. தெரிந்தவர்கள் நிறையப் பேர் பகிர்ந்திருந்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் நம்பர் உங்களிடம் இருக்கிறது.

வீடியோ முடிந்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் முகம் கழுவிவிட்டு ஓடிவந்து கேட்டான்: "சார், அடுத்த வருஷம் நான் கையா இருக்கட்டுமா?"

சரி என்று சொல்லியிருக்கிறேன்.