தனிக் கண்காட்சி மட்டும் போதுமா?

பெண் ஓவியர்களுக்குத் தனிக் கண்காட்சிகள் பெருகிவிட்டதால் பெண்ணியம் அருங்காட்சியகங்களை மாற்றிவிட்டது என்று நான் படித்த ஒரு கட்டுரை முடிக்கிறது, அங்கேதான் இடிக்கிறது. கண்காட்சி சில மாதத்தில் கழற்றப்பட்டுவிடும். நிரந்தரத் தொகுப்புக்கு எதை வாங்குகிறார்கள், எது கிடங்கிலேயே தூங்குகிறது என்று பார்த்தால்தான் மாற்றம் எவ்வளவு என்பது தெரியும். லண்டன் நேஷனல் கேலரி 2018இல் 17ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பெண் ஓவியர் ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கியின் தன்னுருவ ஓவியத்தை 36 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியதே, அந்த மாதிரி வேலை நிலைக்கும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் "தரம் இருந்தால் இடம் தானாகக் கிடைக்கும், இதற்கு எதற்குப் பெண்ணியம்" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு யூடித் லெய்ஸ்டரின் கதையைச் சொல்ல வேண்டும். அவரும் 17ஆம் நூற்றாண்டுக்காரர், டச்சுப் பெண் ஓவியர். 1660இல் இறந்தபின் அவர் பெயரே மறைந்துபோய், படங்கள் அதே காலத்து டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் கணக்கில் சேர்ந்தன. இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு படத்தையும் ஹால்ஸ் வரைந்தது என்றுதான் விற்றார்கள். 1893இல் அதில் லெய்ஸ்டரின் கையெழுத்துக் குறி, ஒரு நட்சத்திரத்தோடு, அடையாளம் காணப்பட்டது. அதே படம், அதே வண்ணம். ஆனால் வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட, கடைசியில் விலை குறைக்கப்பட்டது! தரம் அன்றைக்கும் இருந்தது, ஐயா. அருங்காட்சியகத்தில் ஓவியங்களுக்குப் பக்கத்தில் பெயர்ப் பலகை எழுதுகிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நான் பார்த்த ஒரு கூடத்தில் ஓவியரின் பெயருக்கு அடுத்த வரியே "இன்னாரின் மனைவி" என்றிருந்தது. அந்தக் கணவரின் படம் பக்கத்து அறையில்தான் தொங்கியது. அவருடைய பலகையில் மனைவியைப் பற்றி ஒரு சொல் இல்லை.