விலையைச் சொல்லுங்க, போதும்

மறுபடியும் அதே கதை. ரீல்ஸில் ஒரு சேலை, சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்ச் சேலை. விற்பவர் முந்தானையை விரித்துக் காட்டுகிறார், ஜரிகையை விரலால் நீவிக் காட்டுகிறார். விலை மட்டும் இல்லை. கீழே நூறு பேர் "விலை என்ன?" என்று கேட்டால் நூறு பேருக்கும் ஒரே பதில்: "டிஎம் பாருங்க சிஸ்." ஏன், அது என்ன ராணுவ ரகசியமா? மின்வணிகத்தில் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டச் சொல்லி 2020-இலேயே நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வந்துவிட்டன. யார் மதிக்கிறார்கள்?

சரி என்று அந்த டிஎம்முக்கு, அதாவது தனிச்செய்திக்குப் போனால் வாட்ஸ்அப் எண் கேட்கிறார்கள். கொடுத்தால் கேட்காமலே குரூப்பில் சேர்த்துவிடுகிறார்கள். விடிந்தால் 40 சேலைப் படம். அம்மா அனுப்பிய செய்தி அதற்கடியில் புதைந்து கிடக்கிறது.

அப்புறம் பார்சல். பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுக்காவிட்டால் கிழிசலுக்குக்கூடப் பணம் திரும்பாதாம். ஒரு கையில் கத்தரி, ஒரு கையில் போன். சேலையை எந்தக் கையால் பிரிப்பது?