வாழ்ந்தனராம்!

பழங்குடி அருங்காட்சியகத்தில் சில பையன்கள் கூத்தடித்து எடுத்த அந்த ரீல்ஸை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மாதிரி வீட்டுக்குள் தவழ்ந்து போய் "குள்ளர் வீடுடா" என்று கத்துவது, சிலையின் தோளில் கைபோட்டு செல்ஃபி. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1885 முதல் பொறுப்பிலிருந்த எட்கர் தர்ஸ்டன் பழங்குடிகளின் மூக்கையும் மண்டையையும் அளந்து எழுதி வைத்தார். நாம் செல்ஃபி எடுக்கிறோம். முன்னேற்றம்தான்.

ஆனால் பையன்கள்மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். மீதி, அங்கே பொம்மையை மட்டும் நிறுத்திவிட்டுப் போனவர்கள்மேல்.

போன மே மாதம் இதே போன்ற ஓர் இடத்துக்குப் போனோம் (எது என்று கேட்காதீர்கள்). தூசி படிந்த கண்ணாடி, விரல் உடைந்த பொம்மை. பலகையில், "தோடர்கள் எருமை வளர்த்து வாழ்ந்தனர்." வாழ்ந்தனராம்! "எப்பப்பா செத்துப் போனாங்க?" என்றாள் மகள். நாலு நாள் முன்னால்தான் ஊட்டியில் ஒரு தோடர் அம்மாவிடம் சால்வை வாங்கியிருந்தோம். முரட்டு வெள்ளைத் துணி, சிவப்பும் கறுப்புமாக நூல். கோடு போட்டுக்கொள்ளாமல் இழையை எண்ணியே தைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்த என் அம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இவர் உள்பக்கம் என்று நினைத்த சொரசொரப்பான பக்கம்தான் அவர்களுக்கு வெளிப்பக்கமாம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை. அந்தத் தோடர் அம்மாவை அருங்காட்சியகத்தில் உட்கார வைத்து, சம்பளம் கொடுத்து, பேச விட்டால் என்ன? குளிரும் காட்டு விலங்கும் நுழையாமலிருக்கத்தான் தோடர் வீட்டுக்கு அந்தச் சின்ன வாசல் என்று அவர் வாயால் கேட்டவன் சிரிப்பானா?

"ரீல்ஸால்தானே நாலு பேர் வர்றாங்க" என்பீர்கள். வரட்டும், வந்து பொம்மையைப் பார்க்கட்டும். "நீ என்ன பழங்குடியா?" இல்லை. அதனால் வாயை மூட வேண்டுமா?

"அப்போ மனுஷனையே காட்சிப்பொருள் ஆக்கச் சொல்றியா?" இது நியாயமான கேள்வி. முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் வடநெம்மேலிக்குப் போய்ப் பாருங்கள். இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978-இல் தொடங்கியது. நான் போனபோது ஓர் இருளர் கண்ணாடிவிரியனின் தலையைப் பிடித்து விஷம் எடுத்துக்கொண்டே விளக்கினார். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை, செல்ஃபிக்காரர்கள் பத்தடி தள்ளித்தான் நின்றார்கள். இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க ஃப்ளோரிடாவுக்கே கூப்பிட்டார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இவர்களையும் "வாழ்ந்தனர்" பலகையில் சேர்த்துவிடுவோமா?

ரொம்ப யோக்கியன் போலப் பேசுகிறேன் இல்லையா? அந்தச் சால்வைக்கு 200 ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மடித்துக் கொடுத்தார்.

அப்புறம், ரீல்ஸில் இருப்பவன் பெயரைக் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். நீலச் சட்டைக்காரன் என் சித்தப்பா மகன். காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.