இரவல் போன இசைத்தட்டு
இசைத்தட்டை இரவல் கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லை. நாலு பேர் கேட்டு மகிழத்தானே பழைய தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறேன். ஆனால் அவை திரும்பி வரும் கோலத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தட்டைப் பொதிந்திருந்த உள்ளுறையைக் காணோம். பாட்டு ஓடும் பகுதியில் ஐந்து விரல்களும் பதிந்திருக்கின்றன. விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு எடுப்பது அவ்வளவு கடினமா? விரலின் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டும். பிறகு ஊசி அதன்மேல் ஏறும்போதெல்லாம் ‘டிக், டிக்’. தட்டு சுற்றுவதோ நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் அதே ‘டிக்’!

போன மாதம் வந்தது இன்னும் மோசம். வாங்கிப் போனவர் வெயில் விழும் ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தாராம். 12 அங்குல வினைல் தட்டு அலைபோல் நெளிந்து கிடக்கிறது. நிழலில் நேராக நிறுத்தி வையுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். கீறலையாவது பொறுத்துக்கொள்வேன், இதை எப்படிக் கேட்பது?