படம் வருகிறது, சத்தம் வரவில்லை

பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. அதற்கு முன் அப்பாவோடு போய் காம்கார்டரில் எடுத்ததை இப்போது எடிட் செய்யலாம் என்று உட்கார்ந்தால், காம்கார்டர் சேமித்த எம்டிஎஸ் ஃபைல் எடிட்டிங் மென்பொருளில் திறக்கிறது, படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஆடியோ ஏசி-3 என்ற வடிவத்தில் இருக்கிறது, அதை இந்த மென்பொருள் படிக்காது. கடல் காற்றும் தண்டவாளம் தடதடப்பதும் இல்லாமல் எனக்கு எதற்கு அந்தப் படம்? சரி, எம்பி4 ஆக்கலாம் என்று ஒரு கன்வெர்ட்டரில் போட்டேன். உள்ளே இருக்கும் படம் ஏற்கெனவே எம்பி4 ஏற்கும் எச்.264 வடிவம்தான், படத்தை அப்படியே விட்டு கன்டெய்னரை, அதாவது படத்தையும் சத்தத்தையும் சுற்றியிருக்கும் உறையை, மாற்றி ஆடியோவை மட்டும் ஏஏசி என்ற வடிவத்துக்கு ஆக்கினால் சில நிமிட வேலை, ஆனால் அது மொத்தத்தையும் மறுபடி என்கோட் செய்து, அதாவது புதிதாகச் சுருக்கி, ராத்திரி முழுக்க ஓடி, அலையெல்லாம் கட்டம் கட்டமாகத் தந்தது. அப்புறம் எஃப்எஃப்எம்பெக் என்ற, கட்டளை தட்டி இயக்கும் மென்பொருளில் ஒரே வரியில் முடிந்தது. இதை கன்வெர்ட்டரில் ஒரு பட்டனாக வைத்தால் என்ன குறைந்துவிடும்?