ஞானசேகரனை ஏன் ஓட்டிவிடுகிறீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமையும் அதேதான் நடந்தது. ரங்கூனில் எங்கள் மாமா வீட்டில் ‘பராசக்தி’ போட்டார்கள். நீதிமன்றக் காட்சி வரும்வரை யாருக்கும் பொறுமை இல்லை. ரிமோட்டை எடுத்து ஓட்டு ஓட்டென்று ஓட்டியதில், படத்தில் வரும் அண்ணன் தம்பிகளில் ஒருவனான ஞானசேகரன் ஆளே காணாமல் போய்விட்டான்.

1952இல் வந்த படம். எப்போது பேச்செடுத்தாலும் சிவாஜி, கலைஞர் வசனம், இவ்வளவுதானா? சரி, அந்த வசனம் எனக்கும் மனப்பாடம். ஆனால் அந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் எந்த ஊரில் பிழைத்தார்கள்? நம் ரங்கூனில்! குணசேகரன் கப்பலேறினான். போர் வந்ததும் ஞானசேகரன் இந்தியாவுக்கு நடந்தான். குண்டு விழுந்து காலை இழந்தான். பிச்சை எடுத்தான், பிச்சைக்காரர்களைச் சேர்த்துச் சங்கமும் வைத்தான். ஞானசேகரனாக நடித்த எஸ்.எஸ்.ஆர். ஒற்றைக் காலோடு வந்து நின்றால் எனக்குத் தொண்டை அடைக்கும். உங்களுக்கு அப்போதுதான் டீ போடப் போக வேண்டுமா?

என் அப்பத்தாவின் அண்ணனும் 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது அப்படி நடந்தவர்தான். எல்லையில் இருக்கும் தமு வழியாக மணிப்பூருக்குப் போகிறேன் என்று கிளம்பினார். பாரம் என்று அவர் விட்டுப்போன வெற்றிலைப் பெட்டி இன்னும் எங்கள் சாமி அலமாரியில் இருக்கிறது, மூடி ஒரு பக்கம் நசுங்கி. அப்புறம் ஒரு கடிதம்கூட வரவில்லை. அப்பத்தா சாகும்வரை அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்துபோன அவர் முகத்தை எனக்குக் காட்டுகிறவன் ஞானசேகரன் ஒருவன்தான். அவனையும் ஓட்டிவிட்டால் நான் எங்கே போய்ப் பார்ப்பது? இனி யாராவது அந்த ரிமோட்டைத் தொடுங்கள், பார்க்கிறேன்!