ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்க்காமல் எப்படிய்யா வாங்குவது?

புதுச்சேரியில் ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர் வாங்க நினைப்பவன் படும் பாட்டை யாராவது பேசித்தான் ஆக வேண்டும். வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகப் பாட்டு கேட்க, ஸ்டாண்டில் வைக்கிற மாதிரி இரண்டு பெட்டி வேண்டும், அவ்வளவுதான். நேரு வீதியில் புடவை எடுக்கப் போனால் கடையையே பிரித்துப் போட்டு, "வெளிச்சத்துல வச்சுப் பாருங்கம்மா" என்கிறார்கள். 40,000, 50,000 ரூபாய் கொடுத்து வாங்கும் ஸ்பீக்கரை மட்டும் அட்டைப்பெட்டியில் அச்சடித்ததைப் படித்துவிட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். என்ன அநியாயம் இது?

எங்கே நுழைந்தாலும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் சார் வேணும்?" வாட்ஸைச் சொல்லியே ஊரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். 50 வாட் ஆம்ப்ளிஃபயருக்குப் பதில் 100 வாட் போட்டால் கூடுவது வெறும் 3 டெசிபல். சத்தம் கொஞ்சம் ஏறினாற்போல இருக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி சென்சிடிவிட்டி எவ்வளவு, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதுதான். 90 டெசிபல் ஸ்பீக்கர் தருகிற அதே சத்தத்துக்கு 84 டெசிபல் ஸ்பீக்கர் நான்கு மடங்கு பவர் கேட்கும். அதிலும் ஒரு சூது உண்டு. 2.83 வோல்ட் கொடுத்து அளந்தோம் என்று போடுவார்கள். 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்கு அது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதுவே 2 வாட். எண் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும், உழைப்பது நம் ஆம்ப்ளிஃபயர். இதையெல்லாம் கேட்டால், "கம்பெனி ஐட்டம் சார், நம்பி எடுங்க" என்று பதில் வருகிறது.

டெமோ கேட்டால் நடக்கிற கூத்து இன்னும் மோசம். ஒரு கடையில் சுவர் முழுக்கத் தட்டு அடித்து, ஸ்பீக்கர்களைத் தலைக்கு மேலே ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கியிருந்தார்கள். பின்பக்கம் காற்றுத் துளை உள்ள பெட்டியைச் சுவரோடு அழுத்தி வைத்தால் பேஸ், அதாவது அடி ஒலி, உப்பிப் போகாதா? விற்பனைப் பையன் இடி இடிக்கிற மாதிரி எதையோ போட்டு வால்யூமை ஏற்றினார். நான் கொண்டுபோன பென்டிரைவில் ஒரு பெண் குரல் பதிவு இருந்தது, தம்பூராவும் வயலினும் மட்டும் துணைக்கு. அதைப் போடச் சொன்னேன். குரல் நடுவில் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை, அறை முழுக்கச் சிதறி, எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால், வலது பெட்டியில் சிவப்பு முனையில் கறுப்பு வயர், கறுப்பு முனையில் சிவப்பு வயர். ஒரு பெட்டி முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுத்துக்கொண்டிருந்தது. மாற்றிக் குத்தச் சொன்னேன். உடனே பாடுகிற அம்மா இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றார், பேஸும் திரும்பி வந்தது. பையனோ, "ரெண்டுலயும் சவுண்டு வந்துச்சே சார்" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முதலாளிக்கு என்ன வந்தது? எத்தனை பேர் அந்தச் சுவரைக் கேட்டுவிட்டு, நல்ல ஸ்பீக்கரை மட்டம் என்று ஒதுக்கிப் போயிருப்பார்கள்!

"சின்னப் பெட்டி வேஸ்ட் சார்" என்பது அடுத்த பல்லவி. 1970களில் பிபிசி பொறியாளர்கள், ஒலிபரப்பு வேன் போன்ற நெருக்கடியான இடத்தில் வைத்துக் கேட்க எல்எஸ்3/5ஏ என்ற பொடிப் பெட்டியை உருவாக்கினார்கள். உள்ளே பேஸ் தருகிற வூஃபர் 5 அங்குலம்தான். அடித்தளம் அதிர வைக்காது. ஆனால் மனிதக் குரலை அது சொல்கிற நேர்மைக்காக இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

நம் வீட்டு அறையை யாராவது யோசிக்கிறார்களா? பத்துக்குப் பத்து அறை, கூரையும் 10 அடி, தரையெல்லாம் டைல்ஸ். 10 அடி இடைவெளியில் 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது பேஸில், ஒலி தேங்கி நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு என்றால் மூன்றும் அதே இடத்தில் சேர்ந்து முழங்கும். தவிலின் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழாமல் கும் என்று ஒரே மொத்தையாகிவிடும். இந்த அறையில் பெரிய டவர் ஸ்பீக்கரைத் தலையில் கட்டுகிறார்கள். சின்னப் பெட்டியும், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கும் ஸ்டாண்டும்தான் இங்கே சரி.

அந்த ஸ்டாண்டுக்கும் வழியில்லை. "டிவி டேபிள் மேல வச்சுக்கங்க" என்கிறார்கள். உச்ச ஒலி தருகிற ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டாமா? கடைசியில் வெல்டிங் பட்டறையில்தான் சொல்லிச் செய்தேன். இரண்டடி உயரம், ஸ்கொயர் பைப், உள்ளே காய்ந்த மணல், அடியில் கிரானைட் கடையில் மிஞ்சிய துண்டு. கடல் காற்றுக்குத் துருப்பிடிக்குமே என்று ரெட் ஆக்சைடு அடித்துத்தான் பெயின்ட் போட்டுக் கொடுத்தார் பட்டறைக்காரர். பேஸ் என்றால் என்னவென்று கேட்காத அந்த மனிதருக்கு இருந்த அக்கறையில் கால்வாசி, ஸ்பீக்கர் விற்கிற ஒருவருக்கும் இல்லை.

சென்னைக்குப் போ என்பார்கள். ஈசிஆரில் 150 கிலோமீட்டர் போய், ஏசி போட்டு, கார்பெட் விரித்து, சுவருக்கெல்லாம் பஞ்சு ஒட்டிய அறையில் கேட்டுவிட்டு வந்தால், என் டைல்ஸ் அறையில் எப்படிக் கேட்கும் என்று என்ன தெரியும்? யூடியூபில் பார் என்பார்கள். வீடியோ போட்டவர் மைக்கில் பிடித்த சத்தத்தை நான் செல்போனில் கேட்டு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

சரி, வீட்டில் வைத்து ஒரு வாரம் கேட்டுப் பார்க்கிறேன், முழுப் பணத்தையும் இப்போதே கட்டிவிடுகிறேன், பிடிக்கவில்லை என்றால் கீறல் இல்லாமல் திருப்பித் தருகிறேன், தேய்மானத்துக்கு ஒரு தொகை பிடித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக்கூடக் கேட்டுவிட்டேன். "பெட்டி பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது சார்." பிரிக்காமல் எப்படிய்யா கேட்பது?